போதும் என்று சொன்ன கை

ஷாஜாதியைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதையும் வந்திருந்த அத்தனை பேரும் தப்பாகவே புரிந்துகொண்டார்கள்.

வாயால் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கேட்காததால் பேச்சும் வரவில்லை. அதனால் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி அத்தாவிடம் கொடுத்தனுப்பினாள். கருங்குழியில் சைக்கிள் கடை வைத்திருந்த அத்தா ஜெயினுலாபுதீன் மகள் எழுதியதைப் படித்துவிட்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, கடைசியில் மாப்பிள்ளை கையில் வைத்தார். ‘உங்கள் வீட்டில் டிவி இருக்கிறதா? ஞாயிறு நான் பார்க்கலாமா?’

மாப்பிள்ளை அப்துல் அஹத் சிரித்துவிட்டார். புதுப்பட்டினம் பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர். வயது முப்பத்திரண்டு. போலியோவில் சூம்பிப்போன இடது காலை இழுத்து இழுத்து நடப்பார். அதற்கு முன் நாலு இடத்தில் பெண் கேட்டு, நாலு இடத்திலும் காலைத்தான் பார்த்தார்கள். இந்தப் பெண் காலை விட்டுவிட்டு டிவியைப் பற்றிக் கேட்கிறாளே என்று அவருக்கு அங்கேயே பிடித்துப்போய்விட்டது.

“பொண்ணுக்கு சினிமா பைத்தியம் போல கீதே” என்று அவருடைய அம்மா முணுமுணுத்தார். ஞாயிற்றுக்கிழமை டிவி என்றால் சாயங்காலப் படம். வேறு என்னவாக இருக்க முடியும்?

“பாக்கட்டுமேம்மா. நம்ம வூட்டு டிவி சும்மாதானே கீது” என்றார் மாப்பிள்ளை. தொண்ணூற்றாறாம் வருஷக் கடைசியில் கல்யாணம் நடந்தது.

ஷாஜாதி கேட்டது படத்தைப் பற்றி இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு வயதில் அவளைத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காது கேளாதோர் பள்ளியில், ஹாஸ்டலில் சேர்த்தார்கள். போன முதல் வாரம் முழுக்க அழுதாள். இரண்டாவது வாரம் அழ நேரமில்லை. அங்கே எண்பது பெண்கள். எண்பது பேரும் கையால் ஓயாமல் பேசினார்கள். சண்டை போட்டார்கள், கதை சொன்னார்கள், வார்டன் நடக்கிற மாதிரி நடந்து காட்டிச் சிரித்தார்கள், விளக்கணைத்த பிறகு ஒருத்தி உள்ளங்கையில் இன்னொருத்தி எழுதினாள். பன்னிரண்டு வருஷம் ஷாஜாதி அந்தப் பேச்சில் வளர்ந்தாள். வாய் மூடிய பெண் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்த ஷாஜாதி அங்கே வகுப்பிலேயே பெரிய வாயாடி.

ஞாயிறு நடுப்பகலில் வார்டன் டிவியை வராந்தாவுக்குக் கொண்டுவருவார். தூர்தர்ஷனில், தில்லியிலிருந்து, காது கேளாதவர்களுக்கான செய்தி வரும். கொஞ்ச நேரம்தான். ஓர் அம்மாள் கையாலேயே நாட்டு நடப்பைச் சொல்லுவார். நல்ல பெரிய காதணி போட்டிருப்பார்; அதனால் காது மடலை இரண்டு விரலால் ஆட்டினால் அவர் பெயர். ‘ஜிமிக்கி அக்கா’. தில்லிக் கைக்கும் இவர்கள் கைக்கும் பாதி ஒத்துப்போகும், பாதி ஒத்துப்போகாது. ஒத்துப்போகாத பாதியைப் பற்றி அடுத்த ஞாயிறுவரை எண்பது பேரும் வாதாடுவார்கள். கூடப் படித்த சங்கரி தான் சொன்னதுதான் சரி என்று கடைசிவரை விடவே மாட்டாள்.

அப்படிப்பட்ட சந்தையிலிருந்து ஒரு பெண் கல்யாணமாகிப் புதுப்பட்டினத்துக்கு வந்தால், வீட்டில் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தாலும், அது என்ன மாதிரி அமைதி என்று யோசித்துப் பாருங்கள்.

நல்லவர்கள்தான்; அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாமியார் அவளைத் தரையில் விடாமல் தாங்கினார். ஆனால் சாப்பிடு, தூங்கு, குளி, கதவைச் சாத்து என்ற நாலு சைகையில் அந்தக் குடும்பம் ஓடியது. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அப்துல் அஹத்துக்குத் தெரியும்; ஆனால் கடையை அடைத்துவிட்டு அவர் வீடு சேரும்போது களைத்துப்போயிருப்பார். அந்த மனிதரிடம் தாளை நீட்டி என்னவென்று எழுதுவது?

முக்கியமாக, மீன் விஷயத்தை எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கல்யாணமான முதல் வாரம் மாமியார் வஞ்சிரம் குழம்பு வைத்தார். ஷாஜாதி அப்படியொரு குழம்பை அதுவரை சாப்பிட்டதில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டாள். மாமியார் மூன்றாவதை வைக்க வந்தபோது, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து நெஞ்சுக்கு நேரே பக்கவாட்டில் ஒரு வீசு வீசினாள். அவள் பள்ளியில் அதற்கு அர்த்தம் ‘போதும்’. வயிறும் மனசும் நிறைந்த போதும். மாமியாருக்கோ அந்த வீச்சு ‘வேணாம், எடுத்துட்டுப் போ’ என்று பட்டது. ‘அய்யோ, புள்ளைக்கு மீனு ஆவாது போல’ என்று பதறி, அன்றிலிருந்து மீன் சமைக்கிற நாளெல்லாம் மருமகளுக்கு மட்டும் தனியாக முட்டை. அதுவும் ஆசை ஆசையாக, வெங்காயம் தூக்கலாகப் போட்டு. எதிரே எல்லோரும் வஞ்சிரமும் கொடுவாவும் சாப்பிட, ஷாஜாதி முட்டை சாப்பிட்டாள். அவ்வளவு அன்பாகத் தருகிற முட்டையை எப்படி மறுப்பது? மறுக்கத்தான் எந்தக் கை இருக்கிறது?

இதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டது ஞாயிற்றுக்கிழமையால்தான். ஞாயிறு பகலில் கல்பாக்கம் டவுன்ஷிப் குடும்பங்கள் பஜாருக்கு வரும் என்பதால் அப்துல் அஹத் கடையில் இருப்பார். மாமியார் லுஹர் என்கிற பகல் தொழுகையை முடித்துக் கண்ணயர்ந்திருப்பார். ஷாஜாதி டிவி முன்னால் உட்காருவாள். ஜிமிக்கி அக்கா பேசப் பேச இவளும் பதில் பேசுவாள்; மறுத்துப் பேசுவாள்; தெரியாத சைகை வந்தால் தானும் செய்து பார்ப்பாள். கடைசியில் அக்கா வணக்கம் சொன்னதும் இவளும் திருப்பி வணக்கம் சொல்லிவிட்டு டிவியை அணைப்பாள். அப்புறம் ஒரு வாரத்துக்குத் தெம்பு.

தொண்ணூற்றேழு ஜூலையில் அடித்த ஒரு காற்று இதைக் கெடுத்தது.

ஊருக்குக் கேபிள் கொடுத்தவர் சம்பத். பஜார் மாடியில் பெரிய குடை ஆன்டெனா வைத்து வானத்திலிருந்து வருகிற சேனலையெல்லாம் பிடித்து வீடு வீடாக வயர் இழுத்திருந்தார். கேபிள் வந்ததும் எல்லோரும் வீட்டு மாடியில் இருந்த பழைய மீன்முள் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டார்கள். பலபேர் அந்தக் குழாயில் துணி காயப்போட்டார்கள்; ஷாஜாதியின் மாமியார் அதில் முருங்கைக்காய் பறித்தார். தூர்தர்ஷனும் கேபிளிலேயே வந்ததால் அது யாருக்கும் தேவைப்படவில்லை. சம்பத்தும் அதற்காகத் தன் மாடியில் ஒரே ஒரு மீன்முள் வைத்திருந்தார். அதைத்தான் காற்று பிய்த்துக் கீழே போட்டது.

ஊரில் பாதிப் பெட்டிகள் பன்னிரண்டு சேனல் எண்ணோடு நின்றுவிடுகிற பழைய பெட்டிகள். தூர்தர்ஷன் இருந்த எண் காலியானதும், சரிசெய்கிறவரை இருக்கட்டும் என்று சம்பத் அதில் ஒரு சினிமா சேனலை ஓட்டினார். ஒரு நாளைக்கு மூன்று படம். தூர்தர்ஷன் எங்கே என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். “அடுத்த வாரம்” என்றார். அடுத்த வாரம் கேட்டவர்களும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்துல் அஹத் அன்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். மனைவியை உட்காரவைத்து, டிவியைக் காட்டி, ஏழு விரலை நீட்டி, கண்ணைத் தொட்டுக் காட்டி, சினிமா நட்சத்திரங்கள் ஆடுகிற மாதிரி ஆடியும் காட்டினார். இனி வாரத்தில் ஏழு நாளும் உனக்குப் படம்! சூம்பிய காலோடு மனிதர் அவ்வளவு சிரமப்பட்டு ஆடியபோது ஷாஜாதி என்ன செய்வாள்? சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்துக்குப் பன்னிரண்டு எண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு ஞாயிறு போனது. ஆறாவது ஞாயிறன்று பாத்திரம் துலக்கிக்கொண்டே வழக்கம்போல் மனசுக்குள் சங்கரியோடு வாதாடிக்கொண்டிருந்தவள், ஈரக்கையைத் தூக்கி ‘வியாழக்கிழமை’ என்று சொல்லப் போய் அப்படியே நின்றுவிட்டாள். கைக்கு அந்தச் சொல் வரவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள், வரவில்லை. காது போனது அவளுக்கு நினைவில்லாத வயதில். இப்போது பேச்சும் போகிறது, அதுவும் கண்ணெதிரே போகிறது.

ஓடிப்போய் மாமியாரை எழுப்பினாள். டிவியைக் காட்டினாள், காதைத் தொட்டாள், இல்லை என்று கையை ஆட்டினாள், பத்து விரலையும் அசைத்தாள், அழுதாள்.

“சத்தம் வரலியா? அதுக்கா அழுவுறே?” என்று மாமியார் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆளை விட்டு சம்பத்தைக் கூட்டிவரச் சொன்னார்.

சம்பத் வந்தார். டிவியைத் திருப்பிப்போட்டு முதுகைக் கழற்றினார். ஸ்பீக்கரைத் துடைத்தார், வயரைப் பற்றவைத்தார், அரை மணி நேரம் வியர்த்து விறுவிறுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். பாட்டு தெருமுனைவரை கேட்டது.

“சவுண்டு சூப்பரா கீது பெரியம்மா. முன்னாடியும் நல்லாத்தான் இருந்துது. யாரு வரலைன்னு சொன்னது?”

“மருமவதான்பா.”

சம்பத் ஷாஜாதியைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“பெரியம்மா, அவங்களுக்கு சவுண்டு இன்னாத்துக்கு?”

இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சம்பத் தன் கம்ப்ளைன்ட் நோட்டைப் பிரித்துப் பேனாவோடு ஷாஜாதியிடம் நீட்டினார். தெருக்காரர்கள் ‘படம் ஆடுது’, ‘புள்ளி விழுது’ என்று எழுதிவைத்திருந்த பக்கத்தில், கடைசி வரிக்குக் கீழே அவள் எழுதினாள்: ‘ஞாயிறு பகல் தூர்தர்ஷன். கையால் செய்தி. ஆறு வாரம் வரவில்லை. என் ஸ்கூல் பேச்சு அதில் மட்டும் இருக்கிறது. எனக்கு மறந்துபோகுது.’

சம்பத் அதை வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியை மெதுவாகப் படித்தார்.

“அப்ப சினிமாவுக்கு இல்லியா?” என்றார் மாமியார்.

சாயங்காலம் விஷயம் அப்துல் அஹத்துக்குப் போனது. அவர் பர்ஸைத் திறந்து மடித்துவைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். பெண் பார்க்கப் போன அன்று அவள் எழுதியது. ‘எனக்கு வந்த ஒரே லவ் லெட்டர்’ என்று கடையில் எல்லோரிடமும் பெருமையடித்த தாள். ‘ஞாயிறு நான் பார்க்கலாமா?’ என்ற வரியை இப்போதுதான் முதல்முறையாகப் படிப்பவர்போல் படித்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

சினிமா சேனலை எடுத்தால் ஊர் தன்னை உரித்துவிடும் என்று சம்பத் சொன்னார். “உங்க வூட்டு மாடியில தனியா ஒண்ணு நட்டுடலாம் பாய். பழைய இரும்புக் கடையில நம்ம ஊரு ஆன்டெனா பூரா அங்கதான் கெடக்குது.” சொன்னபடியே, மூன்று ஆன்டெனாவின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக்கி, ஒரு பூஸ்டரும் வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு பதினொரு மணிக்கு வந்துவிட்டார். குழாய்க்கு மட்டும் அலையவில்லை. முருங்கைக்காய்க் குழாயை மாமியாரே கொண்டுவந்து கொடுத்தார். அப்துல் அஹத் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஞாயிறு பகலில் அந்தக் கடை பூட்டியிருந்ததைப் பஜார் அன்றுதான் பார்த்தது.

மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பி “வருதா?” என்று கத்துவதும், கீழே ஒருவர் டிவியைப் பார்த்து “இன்னும் கொஞ்சம்!” என்று கத்துவதும் அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். மாடியில் சம்பத். வாசலில், மாடி ஏற முடியாத அப்துல் அஹத். உள்ளே டிவி முன்னால் மாமியாரும் ஷாஜாதியும்.

“வருதா?”

“புள்ளி புள்ளியா கீது!”

“இப்ப?”

“நல்லா தெரியுதுப்பா, மூஞ்சி தெரியுது! விட்டுடு!”

ஷாஜாதி மாமியாரின் தோளைத் தட்டினாள். தன் பத்து விரலை விரித்துக் காட்டினாள். பிறகு டிவியைக் காட்டி, பத்தை இரண்டு தரம் விரித்தாள். மாமியார் குனிந்து உற்றுப் பார்த்தார். உண்மைதான். சிக்னல் திருக்கழுக்குன்றத்து மலையில் பட்டுத் திரும்புகிறதோ என்னவோ, படம் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டையாக விழுந்தது. முகத்துக்கு அது போதும். விரலால் பேசுகிறவருக்கு இருபது விரல் இருந்தால் என்ன புரியும்?

“இல்லப்பா, வெரலு எண்ண முடியணுமாம்!”

சம்பத் திருப்பினார். மணி பன்னிரண்டைத் தாண்டியது. திடீரென்று படம் துல்லியமாக நின்றது. ஷாஜாதி துள்ளி எழுந்து உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே ஒரு வீசு வீசினாள்.

“வேணாங்குது! திருப்பு திருப்பு!” என்று மாமியார் கத்தினார்.

சம்பத் திருப்பினார். படம் போனது. ஷாஜாதி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி தேடினார்கள், மறுபடி வந்தது, மறுபடி வீசினாள், மறுபடி “வேணாமாம்!” மூன்றாவது தரமும் அப்படியே ஆனபோது செய்திக்குக் கால் மணி நேரம்தான் பாக்கி. சம்பத் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“பாய், நடுவுல யாரும் பேசாதீங்க! டிவியைத் தூக்கிக்கினு வாசலுக்கு வாங்க. தங்கச்சி என்னைப் பாத்து நேரா சொல்லட்டும்!”

பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுக்க, டிவி வாசலுக்கு வந்து முருங்கை நிழலில் ஸ்டூல்மேல் உட்கார்ந்தது. ஷாஜாதி அதற்கும் மாடிக்கும் நடுவே நின்றாள். கீழே இவள் கை, மேலே சம்பத்தின் கண். விரலைக் கிள்ளுகிற மாதிரி காட்டினால் இன்னும் கொஞ்சம். மணிக்கட்டைச் சுழற்றினால் திரும்ப வா. ஐந்து நிமிஷத்தில் சம்பத்துக்குப் பிடிபட்டுவிட்டது. படம் நின்றது. அவள் உள்ளங்கையை வீசினாள். சம்பத் பழக்கதோஷத்தில் திருப்பப் போனார். அவள் காலைத் தரையில் உதைத்தாள். அவர் கையை எடுத்தார். அவள் இன்னொரு தரம் வீசினாள், இந்தத் தடவை முகம் முழுக்கச் சிரிப்போடு.

“அட!” என்றார் சம்பத். “பெரியம்மா, அது வேணாம் இல்ல. போதும்! நல்லா கீது, போதும்னு சொல்லுது தங்கச்சி!”

“போதுமா?” மாமியார் தன் கையை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய்ச் செய்து பார்த்தார். “இப்டி வீசினா போதுமா?”

அவர் அந்தக் கையோடு அப்படியே நின்றார்.

செய்தி ஆரம்பித்தது. ஜிமிக்கி அக்கா வந்தார். பத்தே விரல். ஷாஜாதி வாசல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாதம் யாருக்கும் தெரியாமல் பேசியவள், தெருவே பார்க்க இரண்டு கையாலும் பேசினாள். எங்கேயோ ஓரிடத்தில் அக்கா ‘வியாழக்கிழமை’ சொன்னபோது கூடவே சொல்லிவிட்டு அழுதாள், உடனே சிரித்தாள். அப்துல் அஹத் செய்தியைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பேசுகிறவளா இவள் என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கடைசியில் அக்கா கைகூப்பியபோது ஷாஜாதியும் கைகூப்பினாள். மாடியிலிருந்து சம்பத்தும் ஒரு வணக்கம் போட்டார்.

அடுத்த வருஷம் ஊருக்குப் புதுப் பெட்டிகள் வந்து கேபிளிலும் தூர்தர்ஷன் திரும்பிவிட்டது. இரண்டாயிரத்து ஐந்தில் அதே மாடியில் சின்னக் குடை ஒன்று ஏறியது. ஷாஜாதியின் இரண்டு மகள்களுக்கும் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் வாயால் பேசக் கற்பதற்கு முன்னால் கையால் பேசினார்கள். அப்துல் அஹத் கடைக்கு யாராவது காது கேளாதவர் வந்தால் வளையல் அளவிலிருந்து விலைவரை அவரே கையால் பேசி முடிப்பார். கொஞ்சம் தப்பும் தவறுமாகத்தான். ஷாஜாதி இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறாள். பழைய மீன்முள்ளைக் கழற்ற மட்டும் அவள் விடவில்லை. சம்பத் எந்த வேலையாக வந்தாலும், அவருக்கு முதலில் டீ வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

ஆனால் அவள் மறக்காதது அன்றைய மதியச் சாப்பாட்டை.

செய்தி முடிந்ததும் மாமியார் மகனைக் கூப்பிட்டு மீன் வாங்கிவரச் சொன்னார். “இந்நேரத்துக்கு எங்கம்மா மீனு?” என்றவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் காலை இழுத்துக்கொண்டு போய் எப்படியோ ஒரு வஞ்சிரம் வாங்கிவந்தார். மூன்று மணிக்குச் சோறு. சம்பத்துக்கும் சேர்த்து நாலு தட்டு. முட்டை இல்லை.

மாமியார் ஷாஜாதியின் தட்டில் ஒரு துண்டு வைத்தார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். இரண்டாவது வைத்தார். அதுவும் போனது. மூன்றாவது, அன்று எட்டு மாதத்துக்கு முன்னால் வைக்க முடியாமல்போன அந்த மூன்றாவது, அதுவும் போனது. நாலாவதோடு கரண்டி வந்தபோது ஷாஜாதி உள்ளங்கையை நெஞ்சுக்கு நேரே மெதுவாக ஒரு வீசு வீசினாள்.

கரண்டி நின்றது.

“போதுமாம்” என்று மாமியார் மகனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, மருமகள் பக்கம் திரும்பி, குழம்பு ஒட்டிய அதே கையால் தானும் ஒரு தரம் வீசிக் காட்டினார்.

ஷாஜாதி தலையாட்டினாள். போதும்.